தண்டவாளம் அகன்ற மலைவழியில் சைக்கிள் பாதை

சாலை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவது மோட்டார் வண்டியே. சாலையை அகலப்படுத்தித் தார் போட வேண்டும், பஸ்ஸும் லாரியும் தங்குதடையின்றி ஓட வேண்டும் என்பதே பஞ்சாயத்துக் கூட்டங்களில் எழும் கோரிக்கை. அதில் தவறு ஏதுமில்லை. விளைந்த பொருள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா? ஆயினும், மோட்டார் வண்டி அறவே நுழையக் கூடாத ஒரு சரளைப் பாதையை அமைத்து, அதைக்கொண்டு சோர்ந்து கிடந்த தம் ஊர்களுக்குப் பிழைக்க ஒரு வழி தேடிக்கொண்ட மக்களும் உலகில் இருக்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பென்சில்வேனியா, மேரிலாந்து என்னும் இரு மாநிலங்களின் மலைக்காடுகளினூடே செல்லும் ‘கிரேட் அலிகேனி பாசேஜ்’ என்னும் சைக்கிள் பாதை அத்தகையது. பிட்ஸ்பர்க் நகருக்கும் கம்பர்லாந்து என்னும் ஊருக்கும் இடையே அது 150 மைல் நீளம் ஓடுகிறது. நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் அதைப் பயன்படுத்தலாம். கட்டணம் ஒன்றுமில்லை.

இப்பாதையைப் பற்றி நாம் அறிய வேண்டியது அதன் அழகை மட்டும் அன்று. அது யாருடைய நிலத்தில் அமைந்தது, மழையிலும் பனியிலும் சரளை எவ்வாறு நிலைத்து நிற்கிறது, ஊர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பனவே ஊராட்சிப் பொறுப்பில் உள்ளவர்களுக்குப் பயன்படும் செய்திகள்.

ரயில் வந்ததும் போனதும்

அலிகேனி மலைப்பகுதி காடு அடர்ந்தது. நிலத்தினடியில் நிலக்கரி நிறைந்தது. கானல்ஸ்வில் என்னும் ஊரைச் சுற்றியிருந்த சூளைகளில் அக்கரியைச் சுட்டுக் ‘கோக்’ ஆக்கிப் பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலைகளுக்கு அனுப்பினார்கள். கரியை ஏற்றிச் செல்ல ரயில் கம்பெனிகள் போட்டியிட்டன. காசல்மன் ஆற்றின் கரையில் ஒரு கம்பெனியின் இருப்புப் பாதை முன்னரே ஓடிக்கொண்டிருக்க, ‘வெஸ்டர்ன் மேரிலாந்து’ என்னும் மற்றொரு கம்பெனி அதே பள்ளத்தாக்கில் தானும் ஒரு பாதையை அமைத்து 1912-ல் திறந்தது. ஒரு பள்ளத்தாக்கிற்கு இரண்டு பாதைகள் வேண்டியிருந்த காலம் அது. பிற்காலத்தில் இரண்டும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தபோது, ஒன்று மிகையாயிற்று. 1975-ல் வெஸ்டர்ன் மேரிலாந்துப் பாதையின் இப்பகுதியில் ரயில் ஓட்டம் நின்றது. பழைய பாதையில் இன்றும் சரக்கு வண்டிகள் ஓடுகின்றன. சைக்கிளில் செல்வோர் அவற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டே போகலாம்.

தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பாலங்களும் சுரங்க வழிகளும் காட்டுச் செடிகளிடையே அனாதையாக நின்றன. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1980-களில், எஃகு ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை போயிற்று, இளைஞர் ஊரைவிட்டுப் போயினர். இந்நிலையில் யாக்கிகேனி ஆற்றின் அருவியருகே உள்ள ஒஹையோபைல் என்னும் சிற்றூரில், இயற்கைக் காப்புச் சங்கம் ஒன்று ரயில் தடத்தை விலைக்கு வாங்கி வைத்திருந்து மாநில அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. அதன்மீது சரளை பரப்பி, ஒஹையோபைலுக்கும் அடுத்த ஊராகிய கான்பிளூயன்சுக்கும் இடையே ஏறத்தாழ 9 மைல் நீளமுள்ள முதற் பகுதியை 1986-ல் திறந்தார்கள். கான்பிளூயன்ஸ் என்பதற்குக் கூடல் என்று பொருள். மூன்று நீரோட்டங்கள் அங்கே கலப்பதால், நம் வழக்கில் முக்கூடல் என்றே சொல்லிவிடலாம்.

அந்த 9 மைலைக் காண மக்கள் வந்தார்கள். அதைப் பார்த்து அடுத்த ஊரார் கேட்டார்கள். அவர்களைப் பார்த்து அதற்கடுத்த ஊரார். ஒவ்வொரு வட்டாரத்திலும் தொண்டர் சங்கங்கள் தோன்றித் தத்தம் பகுதியைச் சீர்செய்தன. 1995-ல் அச்சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. மலைப்பகுதி முழுவதும் 2006-ல் இணைந்தது. பிட்ஸ்பர்க் நகரின் நடுவிடம் வரையில் பாதை முற்றுப்பெற்றது 2013-ல். முதல் மைலுக்கும் கடைசி மைலுக்கும் இடையே 27 ஆண்டுகள்! ஐந்தாண்டுக் கணக்கில் சிந்திக்கும் நமக்கு இது நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால் முடிந்த பகுதி ஒவ்வொன்றும் முடிந்த அன்றே பயன் தரத் தொடங்கிவிட்டது என்பதை மறக்கலாகாது.

மலைப்பகுதியில் சைக்கிள் பாதைக்குப் பழைய ரயில் தடத்தைவிட ஏற்ற இடம் வேறில்லை. நீராவி எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் சரக்கை இழுக்காது. ஆகவே அக்காலப் பொறியாளர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தைத் தூர்த்தார்கள், வெட்டவும் தூர்க்கவும் இயலாத இடத்தில் மலையைக் குடைந்தார்கள். அவர்கள் எஞ்சினுக்காகப் பட்ட பாடு இன்று சைக்கிளில் செல்பவனின் முழங்காலுக்குப் பயன்படுகிறது. கம்பர்லாந்திலிருந்து மலையின் நீர்ப்பிரிமேடு ஏறத்தாழ 24 மைல்; அதன் உயரம் கடல் மட்டத்திற்குமேல் 2,392 அடி. இந்த 24 மைலில் ஏற வேண்டியது ஏறத்தாழ 1,750 அடிதான். கணக்குப் பார்த்தால் நூறு அடி தூரத்திற்கு ஒன்றரை அடி ஏற்றங்கூட இல்லை. மறுபக்கம் பிட்ஸ்பர்க் நோக்கி இறங்குவது இன்னும் மெதுவானது. நீர்ப்பிரிமேட்டின் கிழக்கே விழும் மழைத்துளி பொட்டோமாக் ஆற்றின் வழியே அட்லாண்டிக் கடலை நோக்கியும், மேற்கே விழும் துளி ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே மெக்சிகோ வளைகுடாவை நோக்கியும் செல்கின்றன. அப்பேர்ப்பட்ட மலைமுதுகைப் பள்ளிச் சிறுவரும் அறுபது வயது கடந்தவரும் கால் நோவாமல் கடக்கிறார்கள்.

நிலம் யாருடையது?

உழவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. கேட்பது நியாயமும் ஆகும்.

அமெரிக்காவில் ரயில் கம்பெனிகள் நிலத்தைப் பெற்ற விதம் ஒரே மாதிரியானதன்று. சில இடங்களில் நிலத்தையே கிரயம் செய்து வாங்கின. வேறு பல இடங்களில் ரயில் ஓட்டுவதற்குரிய வழிப் பாத்தியத்தை மட்டும் பெற்றன. நிலம் உழவனுடையது, அதன்மேல் ஓடும் உரிமை கம்பெனியுடையது. ரயில் ஓட்டம் அடியோடு கைவிடப்பட்டால் அந்தப் பாத்தியம் அற்றுப்போய், நிலம் முழு உரிமையோடு பக்கத்து நிலக்காரரைச் சேரும் என்பதே பல மாநிலங்களின் சட்டம்.

இதனால் ஒரு சிக்கல் விளைந்தது. நூறு மைல் நீளமுள்ள தடம் கைவிடப்பட்டவுடன் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறும். ஒருவர் வேலி போடுவார், ஒருவர் உழுதுவிடுவார், பாலம் பழைய இரும்பு விலைக்குப் போகும். பிறகு நாட்டுக்கு மீண்டும் ரயில் வேண்டுமென்றாலும் அந்தத் தடத்தை ஒன்று சேர்ப்பது எளிதன்று. ஆகவே 1983-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. வருங்கால ரயிலுக்கென்று தடத்தைப் பாதுகாத்து வைக்கலாம்; அதுவரையில் அதைப் பொதுமக்கள் நடைபாதையாகவோ சைக்கிள் பாதையாகவோ பயன்படுத்தலாம்; அவ்வாறு பயன்படுத்தும் வரையில் ரயில் பாதை கைவிடப்பட்டதாகக் கருதப்படாது என்பதே அத்திருத்தம்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது சாதுரியமான ஏற்பாடு. ஆனால் நிலக்காரரின் பக்கம் நின்று பாருங்கள். அவருடைய பாட்டனார் ரயிலுக்கு வழி விட்டார். அறியாத மனிதர் கொட்டகையின் பின்புறமாக நாள்தோறும் போய்வர வழி விடவில்லை. ரயில் போன பின்பும் நிலம் திரும்பாதென்றால் அவர் வெகுளுவது இயல்புதானே? வெர்மாண்ட் மாநிலத்தில் இத்தகைய நிலக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. 1990-ல் அந்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆயினும் நிலக்காரர் நஷ்ட ஈடு கோரத் தடையில்லை என்றும் கூறியது. 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு நஷ்ட ஈடு பெறும் உரிமை உண்டு என்றே தீர்த்தது. 2014-ல் வயோமிங் மாநிலத்து வழக்கு ஒன்றில், 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ரயிலுக்கு அளித்த பாத்தியம், ரயில் கைவிடப்பட்டதும் முடிந்துவிட்டது. நிலம் தனியார்க்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை அலிகேனிப் பாதையைப் பற்றிய வழக்குகள் அல்லவெனினும், பழைய தடத்தைப் பொதுப்பாதை ஆக்க முனையும் எவரும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். பொதுநன்மை என்ற பெயரைச் சொல்லி ஒருவருடைய உரிமையை விலையின்றி எடுத்துக்கொள்வது முறையன்று. அளந்து, ஆவணம் பார்த்து, ஈட்டை முன்னதாகவே பேசி முடித்திருந்தால் பல ஆண்டுக்கால வழக்குச் செலவு மிஞ்சியிருக்கும் என்பது எம் கருத்து.

நிலக்காரர்களின் மற்றோர் அச்சம், வழிப்போக்கர் தம் நிலத்தில் விழுந்து காயப்பட்டால் வழக்கு வருமே என்பது. பென்சில்வேனியாவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் வாங்காமல் பிறரை உலாவ விடும் நிலக்காரரின் பொறுப்பைப் பெரிதும் குறைத்துவிட்டது. இவ்வகைச் சட்டம் இல்லாதிருப்பின் பல உழவர்கள் தங்கள் வேலியைத் திறந்திருக்கவே மாட்டார்கள்.

நீரும் சரளையும்

இனி, பாதையின் மேனியைப் பார்ப்போம். நம் ஊர்களில் சரளைச் சாலை போடும் பொறுப்பில் உள்ளவர்கள் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படித்தல் நன்று.

அலிகேனிப் பாதையின் மேற்பரப்பு பெரும்பாலும் உடைத்த சுண்ணாம்புக் கல். கல்லுடைக்கும் ஆலையில் பொடி ஜல்லியைத் தூளிலிருந்து பிரிக்காமல் தூளோடு எடுத்துப் பரப்புகிறார்கள். இதுவே முதல் இரகசியம். ஆற்றில் உருண்டு மழமழப்பான கூழாங்கல்லைப் பரப்பினால் அது என்றைக்கும் இறுகாது. சக்கரம் புதையும், கால் சறுக்கும். உடைத்த கல்லுக்கு முனைகள் உண்டு. ஒன்றின் முனை மற்றொன்றின் இடுக்கில் சென்று மாட்டிக்கொள்ளும். எஞ்சிய இடைவெளியைத் தூள் நிரப்பும். நீர் தெளித்து உருளையால் அழுத்தினால் சுண்ணாம்புத் தூள் காய்ந்து இறுகி, ஏறத்தாழ ஒரு தளம் போலவே ஆகிவிடுகிறது. அடியில் பெருஞ்ஜல்லி, மேலே இந்தத் தூள் ஜல்லி என்ற வரிசை மாறக் கூடாது. ரயில் தடத்திலோ அடித்தளத்தைப் புதிதாக அமைக்க வேண்டியதில்லை. அறுபது ஆண்டுக்காலம் சரக்கு வண்டிகள் ஓடி அழுத்திய கரை, எந்த உருளையும் அழுத்த முடியாத அளவுக்கு இறுகியிருக்கிறது.

இரண்டாவது, நீர் வாட்டம். சாலையின் பகைவன் வண்டி அன்று, நீர்தான் என்று பொறியாளர்கள் சொல்வதுண்டு. பாதையின் நடு சற்று மேடாகவோ, ஒரு பக்கம் சற்றுச் சாய்வாகவோ இருத்தல் வேண்டும். நூறு அங்குல அகலத்திற்கு இரண்டு அங்குலச் சாய்வு போதும். அதற்குக் குறைந்தால் நீர் தேங்கும். மிகுந்தால் மழைநீர் தூளை அரித்துக்கொண்டு போகும். மலைச் சரிவில் மேற்புறத்து ஓர வாய்க்காலும், குறுக்கே நீரை வெளியேற்றும் மதகுகளும் அடைபடாமல் இருக்க வேண்டும். காட்டுப் பகுதியில் இதுவே பெரும்பாடு. இலையுதிர் காலத்தில் மேப்பிள், ஓக் மரங்களின் இலைகள் மலைமலையாகக் கொட்டி வாய்க்காலை அடைக்கின்றன. பாதைமேல் விழுந்தவை மக்கி மண்ணாகின்றன. அம்மண்ணில் புல் முளைக்கிறது. புல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஈரத்தில் சரளை இளகுகிறது. ஒரு வாய்க்காலில் அடைத்த ஒரு கூடைச் சருகு அடுத்த மழையில் பத்து வண்டிச் சரளையைக் கொண்டுபோய்விடும். ஆதலால் சருகு வாரும் வேலையைச் சில்லறை வேலை என்று நினைப்பவர் பாதை காக்க உதவார்.

குழி விழுந்த இடத்தில் சரளையைக் கொட்டி நிரப்புவதும் வீண். குழியின் அடிவரையில் சுரண்டிக் கிளறி, புதுச் சரளை சேர்த்து, ஈரப்பதத்தோடு அழுத்தினால்தான் ஒட்டும். வெறுமனே கொட்டியது அடுத்த வாரமே சிதறிவிடும்.

மூன்றாவது, மோட்டாரைத் தடுத்தல். நுழைவாயில்கள் பலவற்றில் தூண்கள் நட்டிருக்கிறார்கள். ஆம்புலன்சோ பழுது பார்க்கும் வண்டியோ வரும்போது கழற்றலாம். அமைதிக்காக மட்டும் செய்த ஏற்பாடு அன்று இது. மோட்டாரின் சக்கரம் உதைத்துச் சுழலும்போது சரளையை அலையலையாக்குகிறது. ஈர நாளில் தடம் பதிக்கிறது. அத்தடத்தில் நீர் நின்று குழியாகிறது. சைக்கிளும் மனிதனும் சேர்ந்த பாரம் சரளைக்கு ஒரு பொருட்டே அல்ல. பாதை காசில்லாமல் நெடுநாள் உழைப்பதற்கு, ‘மோட்டார் கூடாது’ என்ற அந்த ஒரே விதி பெருங்காரணம்.

இதற்கு மாறான காட்சியைக் கம்பர்லாந்துக்கு அப்பால் காணலாம். அங்கிருந்து வாஷிங்டன் வரையில் 184½ மைல் செல்லும் பழைய கால்வாய்க் கரை, படகை இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த மண் வழி. கால்வாய் 1924-ல் வெள்ளத்தால் சேதமுற்று மூடப்பட்டது. அம்மண் வழியில் மழைக்குப் பின் பல இடங்களில் சேறும் குட்டையுந்தான். சிற்சில பகுதிகளில் இப்போது கல்தூள் பரப்பி வருகிறார்கள். இக்கரையே ஒரு காலத்தில் மோட்டார் சாலை ஆகியிருக்கும். 1954-ல் செய்தித்தாள் ஒன்று சாலைத் திட்டத்தை ஆதரித்து எழுத, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதன் ஆசிரியர்களைத் தம்மோடு முழுத் தூரமும் நடந்து பார்க்க அழைத்தார். பலர் புறப்பட்டனர், இறுதிவரை நடந்தவர் ஒன்பது பேரே. திட்டம் கைவிடப்பட்டு, 1971-ல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

சரளையில் ஓட்டுவதற்கு மெல்லிய பந்தய டயர் உதவாது. காற்றைக் கல்லாக அடைக்காமல், சற்றே அகன்ற டயரில் மிதமாக அடைக்க வேண்டும். அண்மைக் காலத்தில் ‘கிராவல் பைக்’ என்று தனியாகவே செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஆனால், நம் ஊர்ப் பால்காரர் இரு கேன்களைத் தொங்கவிட்டு ஓட்டும் 28 அங்குலச் சைக்கிளின் ஒன்றரை அங்குல டயரே இந்த வேலைக்குப் போதுமானது!

ஊரின் பங்கு

பாதை அமைந்துவிட்டால் ஊருக்குப் பணம் தானே வந்துவிடும் என்று எண்ணினால் ஏமாற்றமே. ரயில் தடம் பெரும்பாலும் ஆற்றோரமாகச் செல்லும். ஊரோ மேட்டிலோ பாலத்துக்கு அப்பாலோ இருக்கும். தாகத்தோடு வரும் சைக்கிள்காரர், மரங்களுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருப்பதை அறியாமலே கடந்து போய்விடுவார். பிராஸ்ட்பர்க் என்னும் ஊர் பாதைக்கு மேலே குன்றின்மீது இருக்கிறது. அங்கே வளைந்து வளைந்து ஏறும் இணைப்பு வழி ஒன்றை அமைத்தனர். கம்பர்லாந்திலிருந்து அவ்வூர்வரை சுற்றுலா ரயில் ஒன்றும் பாதையை ஒட்டி ஓடுகிறது; அதில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே போய், இறக்கத்தில் ஓட்டி வருவோர் உண்டு. மேப்பிள் சர்க்கரைக்குப் பெயர்பெற்ற மயர்ஸ்டேல் ஊரார், பழைய ரயில் நிலையத்தைச் செப்பனிட்டு வழிப்போக்கர் தங்கிச் செய்தி அறியும் இடமாகவும் பொருட்காட்சியாகவும் ஆக்கினார்கள்.

2007-ல், சிறு தொழில்களுக்குக் கடன் உதவும் நிறுவனம் ஒன்று ‘பாதையோர ஊர்கள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் யோசனைகளில் பெரிய கட்டடம் எதுவுமில்லை. பாதையிலிருந்து கடைவீதிக்கு வழிகாட்டிப் பலகை, குடிநீர், கழிப்பிடம், சைக்கிள் நிறுத்துமிடம், இரவு தங்க ஓர் அறை, பழுது பார்க்க ஒரு கடை: இவ்வளவுதான். இவற்றுள் கழிப்பிடத்தை அற்பமென்று தள்ளிவிடாதீர்கள். குடும்பத்தோடு வருகிறவர் எந்த ஊரில் இறங்குவது என்று முடிவு செய்வதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

பலன் என்ன? 2019-ஆம் ஆண்டில் இப்பாதையால் அவ்வட்டாரத்தில் 12 கோடி டாலருக்கு மேற்பட்ட பொருளாதாரப் பயன் விளைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. பழைய வீடுகள் விடுதிகளாயின. மூட்டை சுமக்கும் வேன்கள் ஓடுகின்றன. ஆயினும் இதை மிகைப்படுத்தலாகாது. எஃகு ஆலையில் ஒரு குடும்பத்தலைவர் ஆண்டு முழுதும் பெற்ற கூலியும், விடுதியில் ஆறு ஏழு மாதம் கிடைக்கும் கூலியும் ஒன்றாகா. சுரங்கங்கள் விட்டுச்சென்ற தீங்கும் தீர்ந்துவிடவில்லை. பாதையோரத்துப் பாறைகளில் சில இடங்களில் இன்றும் துருநிற நீர் கசிந்து வழிகிறது.

வருவாய்க்குரிய பருவம் எவ்வளவு குறுகியது என்பதை ‘பிக் சாவேஜ்’ சுரங்க வழியின் கதவுகளே காட்டும். நீர்ப்பிரிமேட்டுக்கு அருகே மலையைக் குடைந்து செல்லும் அதன் நீளம் 3,294 அடி. உள்ளே கசியும் நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து சுவரைப் பிளக்கும். ஆகவே ஆண்டுதோறும் டிசம்பரில் இரு வாயிற் கதவுகளையும் சாத்திவிடுகிறார்கள். உறைபனி தணிந்தபின் ஏப்ரலில்தான் சைக்கிள்களுக்கு அவை மீண்டும் திறக்கப்படுகின்றன.